மொய் நோட்டில் அடங்காத வரவு

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது: "தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கிற தயவுதான் கிருபை என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆனால் காலையில் ஜெபிக்காமல் கடை திறந்த நாளில் வியாபாரம் படுத்துவிட்டால், கர்த்தர் தண்டிக்கிறார் என்றுதான் மனசு சொல்கிறது. ஏன் இப்படி?" இரண்டாவது: "கடைப் பையன் கல்லாவிலிருந்து 8,000 ரூபாய் எடுத்துவிட்டான். போதகர் கிருபை காட்டச் சொல்கிறார், வீட்டில் போலீஸுக்குப் போகச் சொல்கிறார்கள். எது சரி?"

நான் போதகர் இல்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன், சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன். அதனால் பதிலில் பேரேட்டு வாடை கொஞ்சம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை கல்யாணம் ஒரு தை மாதத்தில் நடந்தது. ராத்திரிப் பந்தி முடிந்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணி அனுப்பிவிட்டு, சித்தப்பாவும் நானும் மொய் நோட்டோடு உட்கார்ந்தோம். ஊர், பெயர், தொகை என்று அவர் வாசிக்க, நான் ரூபாயை எண்ணினேன். சில பெயர்களில் நின்று, "இவன் மக கல்யாணத்துக்கு நாம 500 போட்டோம், 501 வந்துட்டு, சரியாப் போச்சு" என்பார். நடுவில் ஒரு வரியில் தெருக்கோடியில் தனியாக இருந்த ஓர் ஆச்சியின் பெயர். எதிரே தொகைக்குப் பதிலாக, "பனங்கிழங்கு 1 கட்டு". மொய் எழுதின பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே எழுதியிருக்கிறான். அடித்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்ல, திருப்பிச் செய்யணும்லா" என்றார் சித்தப்பா. ஆச்சிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அந்த வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ இனி வரப்போவதில்லை. எந்த விசேஷத்தில் திருப்புவது?

மொய்யை நான் குறைத்துச் சொல்லவில்லை. வட்டி இல்லாமல் ஓர் ஊரே சேர்ந்து ஒரு கல்யாணத்தைத் தூக்கி நிறுத்துகிற ஏற்பாடு அது. ஆனால் நம் மனசு அந்த நோட்டிலேயே வளர்ந்தது. கொடுத்தால் வரும், வாங்கினால் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் பேச்சு வரும். அதே நோட்டைத்தான் ஜெப அறைக்கும் எடுத்துக்கொண்டு போகிறோம். உங்கள் பயம் அங்கிருந்து வருகிறது.

முதல் நூற்றாண்டில் சபைகளுக்கு நிருபங்கள் எழுதின பவுல் வாழ்ந்த உலகமும் இதற்கு ரொம்பத் தூரம் இல்லை. புதிய ஏற்பாட்டில் 'கிருபை' என்று நாம் வாசிக்கிற இடங்களில் கிரேக்கத்தில் இருப்பது 'காரிஸ்'. அது கோயிலுக்கென்று ஒதுக்கி வைத்த சொல் அல்ல, எல்லாரும் புழங்கிய சொல். ஒருவர் மனமுவந்து செய்கிற உதவியும் காரிஸ், அதை வாங்கினவர் காட்டுகிற நன்றியும் காரிஸ். பவுலின் காலத்தவரான ரோமத் தத்துவஞானி செனேக்கா, உதவி செய்வதையும் பெறுவதையும் பற்றி மட்டும் ஏழு பாகங்கள் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். ஆள் பார்த்துக் கொடு என்பது அவருடைய முக்கியமான அறிவுரைகளில் ஒன்று. நன்றாக யோசித்த அறிவுரைதான். நாமும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறோம்.

பவுல் வெட்டி எறிந்தது இந்த 'ஆள் பார்த்து' என்பதைத்தான். ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து யாருக்காக மரித்தார் என்று சொல்லும்போது, பெலனற்றவர்கள், பாவிகள், சத்துருக்கள் என்று படிப்படியாக இறங்குகிறார். கடைசியில் நிற்பவன் நோட்டில் பெயரே வரக்கூடாத ஆள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு அதைத் தாண்டிப் போக முடியாது: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." எட்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் கொடுக்கிற முதலாளி தயவு செய்யவில்லை, கடனை அடைக்கிறார். அப்படியானால் கிருபைக்கு எதிர்ச்சொல் உழைப்பு அல்ல, கூலி. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பவுலே, தான் மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பிரயாசப்பட்டதாகவும், அதைச் செய்தது தன்னுடனே இருந்த தேவகிருபை என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார் (1 கொரிந்தியர் 15:10). உழைத்தார், பில் அனுப்பவில்லை.

ஆனால் 'காரிஸ்' என்ற சொல்லில் இன்னொரு பாதி உண்டு: வாங்கினவன் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது. அதைப் பவுல் வெட்டவில்லை, திசையை மாற்றிவிட்டார். இதைப் பார்க்க 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களுக்குப் போக வேண்டும். எருசலேமில் கஷ்டப்படுகிற விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் திரட்டுகிறார். 8:9-இல் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரான கிறிஸ்துவின் 'கிருபை'. 8:7-இல் அவர்கள் கொடுக்கப் போகிற பணம், நம் பழைய வேத மொழிபெயர்ப்பில் 'தர்மகாரியம்'. 9:15-இல் சொல்லிமுடியாத ஈவுக்காகத் தேவனுக்கு 'ஸ்தோத்திரம்'. தமிழில் மூன்று சொற்கள். கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் காரிஸ். மேலிருந்து வந்தது, எருசலேமின் ஏழைகள் பக்கம் திரும்பி, நன்றியாக மேலே போகிறது. கொடுத்தவருக்கே தவணை கட்டுகிற பேச்சு அங்கே இல்லை. விருந்து வைத்தால் பதிலுக்கு அழைக்கக்கூடிய பணக்கார அயலாரை விட்டுவிட்டு ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் கூப்பிடு, அவர்களால் பதில் செய்ய முடியாது என்று லூக்கா 14-இல் இயேசு சொன்னதும் இதுதான். ஆச்சியின் பனங்கிழங்கை எங்கே திருப்புவது என்று நான் முழித்ததற்கு அங்கே பதில் இருந்தது.

நம் தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கிருபை' வடமொழி 'க்ருபா'விலிருந்து வந்தது. அதில் இரக்கத்தின் சாயல் தூக்கல். 'ஐயோ பாவம்' என்று மேலே நிற்பவர் கீழே பார்க்கிற பார்வை அதில் வந்துவிடுகிறது. கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் 'அருள்' என்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் நிலைமை இன்னும் சிக்கல். 'ஹேன்' என்று ஒரு எபிரெயச் சொல், ஒருவர் கண்ணில் தயவு கிடைப்பது. "நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது" என்பதில் இருப்பது அது. அடுத்த வசனம்தான் நோவா நீதிமான் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள். 'ஹெசெத்' என்று இன்னொரு சொல், கொடுத்த வாக்கை விடாமல் காக்கிற அன்பு. 136-ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 வசனத்திலும் சபையார் பதில் சொல்வோமே, அது இந்தச் சொல். திருவிவிலியம் அதைப் 'பேரன்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறது. சரியான தேர்வு என்பேன்.

ஹெசெத் எப்படி இருக்கும் என்று காட்ட எனக்கு ஒரே கதை போதும். தாவீது ராஜாவான பிறகு, சவுலின் வீட்டில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார் (2 சாமுவேல் 9). புது ராஜா பழைய ராஜாவின் வம்சத்தை இப்படித் தேடினால் அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான். சவுலின் பேரன், தாவீதின் நண்பன் யோனத்தானின் மகன் மேவிபோசேத், லோதேபார் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கிக் கிடக்கிறான். ஐந்து வயதில், அரண்மனை சரிந்த செய்தி வந்த அன்று, தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது விழுந்து கால் போனவன். வந்து முகங்குப்புற விழுகிறான். தாவீது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்துச் சொன்னது "பயப்படாதே". யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காக நிலம் திரும்புகிறது, ராஜாவின் பந்தியில் தினமும் இடம் கிடைக்கிறது. நம் ஊர்ப் பிரசங்கமாக இருந்தால் இந்த இடத்தில் அவன் எழுந்து நடந்திருப்பான். வேதம் அந்த அதிகாரத்தை எப்படி முடிக்கிறது தெரியுமா? "அவனுக்கு இரண்டுகாலும் முடமாயிருந்தது." பந்தியில் உட்கார்ந்த பிறகும் முடம்தான். அந்தக் கடைசி வரியை நான் பல வருடம் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன்.

சபையில் சாட்சி நேரத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. "கர்த்தருடைய கிருபையால் பையனுக்குக் கனடாவில் வேலை, கிருபையால் மாடி கட்டினோம்." நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் அதே பெஞ்சில், மூன்று வருடமாக வேலை தேடுகிற பையனின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கிருபை குறைவா? பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டினார். எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசனத்தை நாம் புது வருட வாக்குத்தத்த அட்டையில் பூப்படத்தோடு அச்சடிக்கிறோம். அது வந்த இடத்தில், ஒரு ஜெபத்துக்கு 'இல்லை' என்று கிடைத்த பதில் அது.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் கதை உங்களுக்குத் தெரியும். தொகையைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள் லீவு இல்லாமல் உழைத்தாலும் 1,60,000 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த ஆள் காலில் விழுந்து என்ன கேட்டான்? தள்ளுபடி கேட்கவில்லை, தவணை கேட்டான். "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றான். ஆண்டவன் இரங்கி அசலையே தள்ளிவிட்டார். வெளியே வந்தவன் நேராக ஒரு சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்து 100 வெள்ளிப்பணம் கேட்கிறான், ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. அவன் கொடியவன் என்று பிரசங்கிகள் சொல்வார்கள். எனக்கு அவன் இன்னும் தவணை மனசிலேயே இருந்தவனாகத் தெரிகிறான். நோட்டைக் கிழித்துவிட்டார்கள் என்பதையே அவன் நம்பவில்லை போலிருக்கிறது.

காலை ஜெபத்தை நீங்கள் அந்தத் தவணையாகத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டத் தவறினால் அபராதம் வரும் என்று பயம். ஜெபத்தை விடச் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கப் போவதும் நடை என்று பார்த்தால் ஒன்றுதான், போகிற மனசு வேறு. அம்மாவை ஒரு வாரம் பார்க்காவிட்டால் நமக்குத்தான் நஷ்டம், ஆனால் அம்மா கரண்டைத் துண்டிக்க மாட்டாள். வியாபாரம் படுத்த நாளில் சரக்கையும் விலையையும் எதிர்க்கடையையும் பாருங்கள். எருசலேம் தரைமட்டமான பிறகு எழுதின புலம்பலில்தான், நாம் நிர்மூலமாகாதிருப்பது கர்த்தருடைய கிருபை, அது காலைதோறும் புதியது என்று வருகிறது. அன்று காலையில் அவர்கள் ஒழுங்காக ஜெபித்தார்களா என்று அந்த வசனம் கேட்கவில்லை.

அப்படியானால் எப்படியும் வாழலாமா என்று ஒருவர் உடனே கேட்பார். ரோமர் 6-இன் தொடக்கத்தில் பவுலே கேட்டு, "கூடாதே" என்று முடித்துவிட்டார். கிருபையானது நமக்குப் 'போதிக்கிறது' என்கிறது தீத்து 2:12. அங்கே உள்ள கிரேக்கச் சொல் பிள்ளையை வளர்த்துப் பழக்குவதற்குச் சொல்வது. வளர்ப்புக்கு நாளாகும்.

இதில் கடவுள் பங்கு எவ்வளவு, மனிதன் பங்கு எவ்வளவு என்ற சண்டை பழசு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருபை இல்லாமல் முடியாது என்ற அகஸ்டினும் மனிதன் தானே முயன்றால் முடியும் என்ற பெலாஜியஸும் மோதி, 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸ் பக்கத்துப் போதனையைத் தள்ளியது. லூத்தர் காலத்தில் சபையே உடைந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் ஊரில் வைணவர்களுக்குள்ளும் இதே வழக்கு உண்டு: தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கு, தாய் வாயில் கவ்வித் தூக்கும் பூனைக்குட்டி தென்கலைக்கு. பவுலை எந்தக் குட்டியோடு சேர்ப்பது என்று ஒரு தடவை வகுப்பில் கேட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது, முடியவில்லை.

நாளாகும் என்றேனே, அதற்கு ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். மேடையில் இந்தக் கதை பெரும்பாலும் இப்படி வரும்: அடிமை வியாபாரி, கடலில் புயல், மனந்திரும்பினார், அடிமை வியாபாரத்தை உதறினார், பாட்டு எழுதினார். நடந்த வரிசை வேறு. புயல் 1748-இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1750-லிருந்து 1754 வரை மூன்று பயணம் போனார், கப்பலில் ஜெபக் கூட்டம் நடத்திக்கொண்டே. நிறுத்தியது மனசாட்சி உறுத்தி அல்ல, உடம்புக்கு முடியாமல். 1764-இல் குருவானார். 1773 புத்தாண்டு நாளில் ஓல்னி ஊரில் அந்தப் பாட்டு சபைக்கு வந்தது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788-இல். புயலுக்கும் அதற்கும் இடையே நாற்பது வருடம். அந்த அறிக்கை தாமதமாக வருகிறது என்பதை அவரே அதில் ஒப்புக்கொண்டார். 1807-இல் பிரிட்டன் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது, அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்தார்.

மேடைக் கதையைவிட இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், பயமாகவும் இருக்கும். கிருபை பெற்ற ஒரு மனிதன், அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்களைப் பார்க்காமலே மேல்தளத்தில் வருடக்கணக்கில் ஜெபித்திருக்கிறான். அந்த நாற்பது வருடத்தின் விலையைக் கொடுத்தவர் அவர் அல்ல.

அதனால்தான், உங்கள் இரண்டாவது கேள்வியில், 'கிருபை காட்டு' என்று சும்மா சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சொல்லை வைத்து அடிபட்டவர்களின் வாயை அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைக் 'கிருபையோடு சகித்துக்கொள்' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது கிருபை அல்ல. அவள் வேறு வீட்டில் பத்திரமாக இருந்துகொண்டு, காலம் வரும்போது மன்னிக்கலாம். வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையில் இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போனார், ஒரு நிபந்தனையும் போடவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பு முடிந்தபோது, ஏமாற்றியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு எழுந்து நிற்கிறான். அவன் கடவுளோடு சமாதானமானதால் எரிகோ ஜனங்களுடைய பணம் கரைந்துபோகவில்லை.

உங்கள் விஷயத்தில் பணம் உங்களுடையது, நஷ்டம் உங்களுக்கு. அதனால் தள்ளுபடி செய்கிற உரிமையும் உங்களுக்குத்தான், போதகருக்கு இல்லை. பிலேமோன் நிருபத்தை இன்று ராத்திரி வாசியுங்கள், இருபத்தைந்தே வசனம். எஜமான் பிலேமோனிடம் அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் கடன்பட்டது ஏதாவது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். அதோடு விடவில்லை. என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று புரோநோட்டு மாதிரி எழுதிக் கொடுக்கிறார். கடன் காற்றில் மறையவில்லை, ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். மன்னிப்பு என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்: நஷ்டத்தை யாரோ ஒருவர் தன் பக்கத்தில் எழுதிக்கொள்வது.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். கடை சாத்தின பிறகு, வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது பையனை உட்கார வைத்து, எதற்கு எடுத்தான் என்று கேட்பேன். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவா, ஆன்லைன் சூதாட்டமா என்பது தெரியாமல் எந்த முடிவும் எடுக்க மாட்டேன். போலீஸ் வேண்டாம் என்பேன், இது முதல் தடவையாக இருந்தால். எட்டாயிரத்தை முழுசாகத் தள்ளுவதானால், தள்ளிவிட்டேன் என்று அவன் காதுபடச் சொல்வேன். சொன்ன பிறகு கடை ஆட்கள் முன்னால் ஒருபோதும் எடுத்துப் பேச மாட்டேன். மாதம் 500 பிடிப்பதானால் அதையும் தெளிவாகச் சொல்லி, பதினாறு மாதத்தில் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். இரண்டில் எது என்பது உங்கள் கை நிலவரம். வேலையில் வைத்துக்கொள்வேன். கல்லாச் சாவியை மட்டும் கொஞ்ச நாளைக்கு நானே வைத்துக்கொள்வேன்.